கணினி சொல்லும் ‘இல்லை’க்கு எத்தனை பொருள்?

“மலருக்கு கம்ப்யூட்டர் பத்தி ஒரு கட்டுரை குடுங்க சார், ஆனா வீட்டிலே எல்லாருக்கும் புரியணும்” என்று சங்கச் செயலாளர் கேட்டார். புதுமை, புரட்சி, எதிர்காலம் என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு பிழையைப் பற்றி. பிழை செய்தவன் நான்தான். அதனால் பாதிக்கப்பட்டவர்கள் நம் சங்கத்துப் பிள்ளைகள். இதைப் பொதுவில் சொல்லிவிட வேண்டும் என்று சில வருடங்களாகவே மனசில் இருந்தது.

2018 ஜூன் மாதம். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடும் அதற்கு மேலும் வாங்கிய, வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நம் சங்கம் கல்வி உதவி தருவது உங்களுக்குத் தெரியும். அதுவரை மூன்று ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் உட்கார்ந்து, விண்ணப்பங்களைக் கையால் பிரித்துப் பேரேட்டில் எழுதுவார்கள். “இதற்கு எதற்கு மூன்று வாரம்? நான் ஒரு நிரல் எழுதித் தருகிறேன், மூன்று விநாடியில் முடியும்” என்று கமிட்டியில் பெருமையாகச் சொன்னேன். அப்படியே முடிந்தது. ‘தகுதி பெற்றவர்’, ‘தகுதி பெறாதவர்’ என்று இரண்டு பட்டியல்கள். கடிதங்களும் போயின. பணமும் பட்டுவாடா ஆனது.

பத்து நாள் கழித்து ஒரு போன். வயதான அம்மாவின் குரல்.

“தம்பி, தேஹு ரோட்லேர்ந்து பேசறேன். என் பேத்தி 91 பர்சன்ட். மார்க் ஷீட் ஜெராக்ஸ் வெச்சுத்தான் குடுத்தோம். தகுதி பெறவில்லைன்னு லெட்டர் வந்திருக்கு. புள்ள ரெண்டு நாளா சரியா சாப்பிடல. எவ்வளவு எடுத்தா தம்பி உங்களுக்குத் தகுதி?”

என்னிடம் பதில் இல்லை. “பார்த்துச் சொல்றேம்மா” என்று போனை வைத்துவிட்டு நிரலைத் திறந்தேன். கண்டுபிடிக்க இரவு ஒரு மணி ஆயிற்று.

தேஹு ரோட்டிலிருந்து ஒன்பது விண்ணப்பங்கள் காகிதத்தில் வந்திருந்தன. ஒரு தன்னார்வலர் பொறுமையாகக் கணினியில் ஏற்றினார். மதிப்பெண் நிரைக்கு அவர் வைத்த தலைப்பு, ஆங்கிலத்தில் ‘மார்க்ஸ்’. என் நிரல் தேடியதோ ‘மார்க்’. கடைசியில் ஒரே ஒரு ‘எஸ்’ எழுத்து வித்தியாசம். அந்த ஒன்பது பேரின் மதிப்பெண்ணும் என் நிரலின் கண்ணில் படவேயில்லை.

சரி, மதிப்பெண் கிடைக்கவில்லை என்றால் நிரல் நின்று கூச்சல் போட்டிருக்க வேண்டாமா? “ஐயா, இந்த ஆளுக்கு மார்க்கே காணோம்” என்று சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. அமைதியாக ஒன்பது பேரையும் ‘தகுதி பெறாதவர்’ பக்கம் தள்ளிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டது. ஏன் அப்படிச் செய்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

சொசைட்டி வாட்ச்மேன்

நான் எழுதிய மொழியின் பெயர் ஜாவாஸ்கிரிப்ட். நீங்கள் இணையத்தில் ரயில் டிக்கெட் எடுத்தாலும், மின் கட்டணம் கட்டினாலும் திரைக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த மொழிதான் ஓடுகிறது. இதன் குணத்தைப் புரிந்துகொள்ள நம் ஹவுசிங் சொசைட்டி வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் என்பது ஒரு விண்ணப்பம். அதிலுள்ள ஃப்ளாட்டுகள் பெயர், ஊர், மதிப்பெண் போன்ற அறைகள்.

வாட்ச்மேனிடம், “304-ல் யார் இருக்கிறார்கள்?” என்று கேட்கிறீர்கள். மூன்று விதமான நிலைமை இருக்கலாம்.

ஒன்று, 304 இருக்கிறது, இன்னும் யாரும் குடிவரவில்லை. இரண்டு, அந்தக் கட்டடத்தில் 304 என்ற ஃப்ளாட்டே கிடையாது, மாடியே இரண்டுதான். மூன்று, உரிமையாளரே வந்து ‘காலி’ என்று போர்டு மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

மூன்றாவது நிலைமைக்கு ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘நல்’ என்று பெயர். வெறுமை என்று பொருள். யாரோ ஒருவர் யோசித்து, வேண்டுமென்றே போட்ட ‘காலி’ போர்டு அது. முதல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில்தான்: ‘அன்டிஃபைன்ட்’, அதாவது வரையறுக்கப்படாதது. குடிவராத ஃப்ளாட்டும் கட்டப்படாத ஃப்ளாட்டும் நம் வாட்ச்மேனுக்கு ஒன்றே. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. என் நிரல் ‘மார்க்’ என்ற இல்லாத ஃப்ளாட்டைக் கேட்டது. பதில், ‘அன்டிஃபைன்ட்’.

அவர் கத்தவே மாட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். “304-ல் இருப்பவரின் சமையலறையில் என்ன இருக்கிறது?” என்று இன்னும் ஒரு படி உள்ளே போய்க் கேட்டால், “ஆளே இல்லை, சமையலறைக்கு எங்கே போவேன்?” என்று நிரலையே நிறுத்திவிடுவார். இதை ‘டைப் எரர்’ என்பார்கள். அந்தப் பேட்டையிலேயே இல்லாத கட்டடத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் நிறுத்திவிடுவார். அது ‘ரெஃபரன்ஸ் எரர்’. ஆனால் அதே இல்லாத கட்டடத்தைப் பற்றி, “அது என்ன வகை?” என்று ‘டைப்ஆஃப்’ என்ற சொல்லை முன்னால் வைத்துக் கேட்டால், கோபமே இல்லாமல் “அன்டிஃபைன்ட்” என்பார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழைய முறையில், யாரென்றே தெரியாத ஒரு பெயருக்கு நீங்கள் பார்சல் கொடுத்தால் அவர் திருப்பி அனுப்பமாட்டார். வாசல் கேட்டிலேயே அந்தப் பெயரில் புதிதாக ஒரு பெட்டி மாட்டி அதில் போட்டுவிடுவார். நீங்கள் எழுத்துப்பிழையோடு எழுதிய பெயருக்கும் ஒரு பெட்டி உண்டு! சரியான பெயருக்குரியவர் பார்சல் வரவில்லை என்று காத்துக்கொண்டிருப்பார்.

கணக்கில் சேர்ந்தால்

இந்த அன்டிஃபைன்ட் சும்மா மூலையில் கிடந்தால் பரவாயில்லை. கணக்கில் கலந்தால்தான் வினை.

அன்டிஃபைன்ட்டோடு ஒன்றைக் கூட்டினால் வரும் விடை மூன்று ஆங்கில எழுத்துகள்: என்-ஏ-என். ‘எண் அல்ல’ என்பதன் சுருக்கம். எழுத்துக் கூட்டிப் படித்தால் நம் ‘நான்’ போலவே இருக்கும். இந்த ‘நான்’ ஒரு விசித்திரப் பிறவி. தனக்குத்தானே சமம் ஆகாது. “நீயும் நீயும் ஒன்றா?” என்று கேட்டால் “இல்லை” என்று வரும். ‘எண் அல்ல’ என்று பெயர் வைத்துக்கொண்டு, “நீ என்ன வகை?” என்று கேட்டால் “எண்” என்று சொல்லும். ஒரு குடம் பாலில் ஒரு துளி மோர் மாதிரி, நூறு மதிப்பெண்களின் கூட்டுத்தொகையில் ஒரு அன்டிஃபைன்ட் கலந்தால் மொத்தமும் ‘நான்’ ஆகிவிடும்.

அன்டிஃபைன்ட்டை ஒரு வாக்கியத்தோடு ஒட்டினால் அந்தச் சொல்லே அச்சாகிவிடும். “அன்புள்ள அன்டிஃபைன்ட் அவர்களுக்கு” என்று வங்கியிலிருந்தோ கடையிலிருந்தோ உங்களுக்கு எப்போதாவது குறுஞ்செய்தி வந்திருந்தால், காரணம் இதுதான்.

ஒப்பிட்டால் என்ன ஆகும்? இங்கேதான் எங்கள் பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள். “அன்டிஃபைன்ட், 60 அல்லது அதற்கு மேலா?” என்று கேட்டால் விடை ‘இல்லை’. சரி என்று தோன்றுகிறதல்லவா? இப்போது திருப்பிக் கேளுங்கள். “அன்டிஃபைன்ட், 60-க்குக் குறைவா?” அதற்கும் விடை ‘இல்லை’! மேலும் இல்லை, குறைவும் இல்லை. நான் என் நிரலில் “60-க்கு மேலா?” என்று கேட்டு, இல்லை என்றால் தகுதி பெறாதவர் என்று எழுதியிருந்தேன். அதற்குப் பதில் “60-க்குக் குறைவா?” என்று கேட்டு, இல்லை என்றால் தகுதி பெற்றவர் என்று எழுதியிருந்தால் ஒன்பது பேருக்கும் உதவி கிடைத்திருக்கும். பிள்ளைகளின் மார்க் இரண்டிலும் ஒன்றுதான். நான் கேள்வியை எந்தப் பக்கமிருந்து கேட்டேன் என்பது அவர்கள் தலைவிதியைத் தீர்மானித்துவிட்டது.

வெறும் மதிப்பெண்களை மட்டும் ஒரு பட்டியலாக்கி வரிசைப்படுத்தச் சொன்னாலும் இதே கதைதான். ஏறுவரிசையோ இறங்குவரிசையோ, எப்படிக் கேட்டாலும் அன்டிஃபைன்ட் கடைசி பெஞ்சில்தான் உட்காரும்.

இதற்கு அண்ணன் ‘நல்’ இருக்கிறாரே, அவர் வேறு மாதிரி. கூட்டல் கணக்கில் அவர் பூஜ்யம் ஆகிவிடுவார், நல்லோடு ஒன்றைக் கூட்டினால் ஒன்று. “நல், பூஜ்யத்துக்குச் சமமா?” என்றால் இல்லை. “பூஜ்யத்தைவிடப் பெரிதா?” இல்லை. “பெரிதாகவோ சமமாகவோ இருக்குமா?” ஆம்! அண்ணனும் தம்பியும் ஒன்றா என்று இரண்டு சமக்குறி போட்டுக் கேட்டால் ‘ஒன்று’, மூன்று சமக்குறி போட்டுக் கறாராகக் கேட்டால் ‘வேறு’.

ஒரு விண்ணப்பத்தை ஜேசன் என்ற பொதுவான வடிவத்தில் கட்டி இன்னொரு கணினிக்கு அனுப்பினால், நல் இருக்கும் அறை ‘காலி’ போர்டோடு போய்ச் சேரும். அன்டிஃபைன்ட் இருக்கும் அறையோ வழியிலேயே மறைந்துவிடும். போய்ச் சேரும் இடத்தில் அப்படி ஒரு அறை இருந்த சுவடே இருக்காது.

ஏன் இப்படி வைத்தார்கள்?

இதற்குக் காரணம் முட்டாள்தனம் அல்ல, அவசரமும் கொஞ்சம் இரக்கமும். 1995 மே மாதம், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் இந்த மொழியின் முதல் வடிவத்தைச் சுமார் பத்தே நாளில் எழுதினார். முதலில் ‘மோக்கா’, பிறகு ‘லைவ்ஸ்கிரிப்ட்’, அந்த ஆண்டு டிசம்பரில் ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்று பெயர் மாறியது. தொழில்முறை நிரலாளர் அல்லாதவர்களும் இணையப் பக்கங்களில் சின்னச் சின்ன வேலைகள் செய்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம். ஒரு சிறு பிழைக்காகப் பக்கமே நின்றுபோனால் பார்ப்பவர்கள் தவித்துப்போவார்களே, முடிந்தவரை சமாளித்துக்கொண்டு ஓடட்டும் என்ற இரக்கம் மொழியின் பல இடங்களில் தெரிகிறது.

1997-ல் ‘எக்மாஸ்கிரிப்ட்’ என்ற பெயரில் இதற்கு முதல் தரவரையறை வந்தது. அதற்குள் ஏராளமான பக்கங்கள் இந்த மொழியை நம்பி எழுதப்பட்டுவிட்டன. பழைய வீட்டில் ஒரு செங்கல்லை உருவினால் எது விழும் என்று யாருக்குத் தெரியும்? ‘நல்’ என்ன வகை என்று கேட்டால் ‘பொருள்’ என்று தவறாகப் பதில் வருவது ஆரம்பநாள் பிழை. திருத்தினால் பழைய பக்கங்கள் உடையும் என்று இன்றுவரை அப்படியே விட்டிருக்கிறார்கள். இன்னொன்று, ‘அன்டிஃபைன்ட்’ என்ற பெயர்கூட மொழி பூட்டிவைத்த சொல் அல்ல. 2009-ல் வந்த ஐந்தாம் பதிப்பு வரை, யார் வேண்டுமானாலும் அந்தப் பெயருக்குள்ளேயே வேறு மதிப்பைப் போட்டுவிடலாம். ‘இல்லை’ என்ற சொல்லுக்கே 42 என்று பொருள் வைத்துவிட்ட மாதிரி!

இந்தத் தொல்லை ஜாவாஸ்கிரிப்ட்டோடு பிறந்ததும் அல்ல. 1965-ல் அல்கால் டபிள்யூ என்ற மொழிக்கு ‘நல்’ சுட்டியைச் சேர்த்தவர் டோனி ஹோர் என்ற பிரிட்டிஷ் கணினி மேதை. சேர்ப்பது சுலபமாக இருந்தது, அதனால் சேர்த்தேன் என்று 2009-ல் ஒரு மாநாட்டில் ஒப்புக்கொண்டு, அதைத் தன் நூறு கோடி டாலர் பிழை என்றே சொல்லி வருந்தினார். அவ்வளவு பெரியவரே பொதுவில் வருந்தும்போது எனக்கென்ன வெட்கம்?

திருத்தங்களும் வந்திருக்கின்றன. 2009-ல் ‘கண்டிப்பு முறை’ வந்தது. அதை இயக்கினால் வாட்ச்மேன் தெரியாத பெயருக்குப் பெட்டி மாட்டமாட்டார், பார்சலைத் திருப்பிவிடுவார். 2015-ல் ‘லெட்’ என்ற அறிவிப்பு வந்தது. பழைய ‘வார்’ முறையில் ஒரு மாறியை அறிவிக்கும் வரிக்கு முன்னாலேயே அதைப் படித்தால் பேசாமல் அன்டிஃபைன்ட் வரும். லெட் முறையில் படித்தால் நிரல் நின்றுவிடும். 2020-ல் இரட்டைக் கேள்விக்குறி வந்தது: நல்லோ அன்டிஃபைன்ட்டோ இருந்தால் மட்டும் மாற்று மதிப்பைப் போடு, நிஜமான பூஜ்யத்தைத் தொடாதே என்று அதற்குப் பொருள். அதற்கு முன் பலரும் பயன்படுத்திய குறுக்குவழியில், ஒருவர் உண்மையாகவே பூஜ்யம் என்று எழுதியிருந்தாலும் அழிந்துவிடும்.

நம் பெரியவர்கள் செய்த பாகுபாடு

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது நம் நாட்டுத் தருக்க நூல்கள் நினைவுக்கு வந்தன. நியாய, வைசேடிக மரபினர் இன்மையை ‘அபாவம்’ என்று சொல்லி நான்காகப் பிரித்தார்கள். பானை வனைவதற்கு முன் பானை இல்லை, அது பிராகபாவம். உடைந்த பின் இல்லை, அது பிரத்வம்சாபாவம். காற்றில் நிறம் எக்காலத்திலும் இல்லை, அது அத்யந்தாபாவம். பானை துணி அல்ல, அது அந்யோந்யாபாவம். அறிவிக்கும் வரிக்கு முன்னால் படித்த மாறி முதல் வகைக்கு அருகில் வருகிறது. நீக்கப்பட்ட அறை இரண்டாம் வகை போல. கணினிக்கும் இதற்கும் முழுப் பொருத்தம் உண்டு என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் ‘இல்லை’ என்பது ஒன்றல்ல, எந்த ‘இல்லை’ என்று கேட்டுத்தான் மேலே போக வேண்டும் என்ற விழிப்பு அவர்களிடம் இருந்தது. அந்த இரவு என்னிடம் இல்லாதது அதுதான்.

நம் தமிழே இதில் கெட்டிக்காரி. ‘இல்லை’ வேறு, ‘அல்ல’ வேறு. வீட்டில் பால் இல்லை, இது பால் அல்ல. இந்தியில் இரண்டுக்கும் ஒரே ‘நஹீ’. மராத்தியில் ‘நாஹீ’, ‘நவ்ஹே’ என்று இரண்டு உண்டு. வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் இந்திப் பழக்கத்தில் “இது என் புத்தகம் இல்லை” என்றே எல்லாவற்றுக்கும் சொல்கிறார்கள். (பேச்சில் நாமும்தான்!) ‘எண் அல்ல’ என்பதும் ‘எண் இல்லை’ என்பதும் ஒன்றா? இந்தக் கேள்வியை உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். இலக்கணமும் கணினியும் ஒரே நேரத்தில் பாடமாகும்.

தவறு எங்கே?

மொழியின் மேல் பழி போட்டுவிட்டுத் தப்பிக்க எனக்கு ஆசைதான். ஆனால் முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நிரல் எனக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்திருந்தது. பட்டியலின் கடைசியில் சராசரி மதிப்பெண் வரவேண்டிய இடத்தில் ‘நான்’ என்று வந்திருந்தது. அச்சில் பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று, ‘நான்’ வந்தால் ஒரு சின்னக் கோடு போட்டுவிடும்படி நானே ஒரு வரி சேர்த்தேன். பிழை யாருடையது என்று அது பெயர் சொல்லியே கூப்பிட்டது, நான்தான் வாயை மூடினேன்.

ஒன்பது பேரில் எட்டுப் பேர் 60-க்கு மேல். ஒருவர் 57. அந்த ஒருவருக்குப் போன கடிதம் நியாயமானது, எட்டுப் பேருக்குப் போனது அநியாயம். ஒன்பது கடிதத்திலும் வாசகம் ஒன்றே. நிதி ஏற்கெனவே பட்டுவாடா ஆகிவிட்டதால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டியினர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். பேத்தியோடு சேர்த்து ஏழு பேருக்குக் கட்டணம் கட்ட முடிந்தது. எட்டாவது பையனைத் தேடிப் போனபோது, கடிதம் வந்த மறுநாளே அவன் மாமாவின் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். சங்கம் சொல்லிச் சொல்லி, அடுத்த வருடம் பதினோராம் வகுப்பில் சேர்ந்தான். அந்த ஒரு வருடம் போனது போனதுதான். அதை எந்தப் புதிய பதிப்பும் திருப்பித் தராது.

இப்போது நிரல் இரண்டு பட்டியல் தருவதில்லை, மூன்று தருகிறது: தகுதி உண்டு, தகுதி இல்லை, விவரம் வரவில்லை. மூன்றாவது பட்டியலில் பெயர் இருந்தால் கடிதம் போகாது, ஒருவர் போன் செய்வார். ஒப்பிடுவதற்கு முன், வந்திருப்பது நிஜமாகவே எண்தானா என்று நிரல் கேட்டுக்கொள்கிறது. மொத்தம் நான்கு வரிகள்தான் கூடுதல். கூடவே பழையபடி, கடிதம் அனுப்புமுன் இரண்டு பேர் கண்ணால் ஒருமுறை பார்க்கிறார்கள். மூன்று வாரம் ஆகாது, ஒரு மாலை ஆகிறது. ஆகட்டுமே.

இது நிரல் எழுதுகிறவர்களுக்கு மட்டும் சொல்லும் சேதி அல்ல. ரேஷன் கார்டோ, பென்ஷனோ, பள்ளி அட்மிஷனோ, “உங்க பேர் லிஸ்ட்ல இல்லை” என்று கணினியைப் பார்த்து யாராவது சொன்னால் சோர்ந்து திரும்பிவிடாதீர்கள். “தகுதி இல்லைன்னு இருக்கா, இல்ல விவரமே ஏறலையா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். தேஹு ரோட்டு அம்மா கேட்டது அந்தக் கேள்வியைத்தான். அவர் கேட்கவில்லை என்றால் இன்னும் எட்டுக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தகுதி இல்லை என்றே நம்பிக்கொண்டிருக்கும்.